ஒரே குடும்பப் பெயர், இரண்டு தந்தைவழிகள்

கேள்வி: நான் கோயம்புத்தூர்க்காரன். கொலம்பியாவில் அந்தியோக்கியா மாநிலத்தின் தலைநகர் மெடெயினில் வேலை பார்க்கிறேன். மனைவி இந்த ஊர்ப் பெண். அவளுடைய தம்பி எச்சில் மாதிரி அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்துகொண்டான். தந்தைவழி இ-எம்81, வட ஆப்பிரிக்காவில் அதிகம் என்று வந்திருக்கிறது. தாய்வழி ஏ2, அமெரிக்கப் பழங்குடி. மொத்தக் கணக்கில் ஐரோப்பா 76, பழங்குடி 17, ஆப்பிரிக்கா 7 சதவீதம். மாமனார், தங்களுடையது ஸ்பெயினின் நவார்ராவிலிருந்து வந்த கலப்பில்லாத குடும்பம் என்று கேட்டு வளர்ந்தவர். இதற்கு மேல் ஒரு சிக்கல். அதே குடும்பப் பெயர் கொண்ட பங்காளி ஒருவர் அதே நிறுவனத்தில் சோதித்ததில் அவருக்குத் தந்தைவழி ஆர்1பி என்று வந்தது. அவருக்கும் மாமனாருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. மாமனார் தன் அம்மாவின் நடத்தையிலேயே சந்தேகம் வந்ததுபோல் ஒடுங்கிப் போயிருக்கிறார். சோதனை தப்பா? என்ன செய்யலாம்? எங்கள் மகனுக்கும் மகளுக்கும் எந்த வழி வரும்? (பெயர் வேண்டாம்)

பதில்: சோதனை தப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாமனாரின் அம்மாவைப் பற்றி இந்தச் சோதனை எதுவுமே சொல்லவில்லை. இந்த இரண்டையும் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டி ஒட்டிக் கலக்கப்படுகின்றன. ஒய்யின் பெரும்பகுதி அப்படிக் கலக்காமல், எப்போதாவது வரும் சின்ன மாற்றங்களோடு, அப்படியே இறங்குகிறது. அந்த மாற்றங்களை வைத்துத்தான் தந்தைவழிகளை இ, ஆர் என்று கிளைகளாகப் பிரித்துப் பெயரிடுகிறார்கள். ஆகவே நம் ஊரில் யாரைப் பங்காளி என்கிறோமோ அவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒய் இருக்க வேண்டும். உங்கள் மச்சினனின் இ கிளையும் அந்தப் பங்காளியின் ஆர் கிளையும் பிரிந்து 60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒன்று இடையில் மாறி மற்றொன்றாக ஆகியிருக்க வழியில்லை. எனவே அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்குக் கீழே எங்கோ ஓர் இடத்தில் ஆண்வழி விட்டுப்போயிருக்கிறது. அது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில், எந்தக் கிளையில், எப்படி என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

அதற்கு முன் 'வட ஆப்பிரிக்கா' என்ற அந்தச் சொல்லைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் மாமனாரின் மனதை முதலில் குத்தியது அதுதான் என்று நினைக்கிறேன். இ-எம்81 மொரோக்கோவின் பெர்பர் மக்களிடம் மிக அதிகம், உண்மை. ஆனால் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அது அந்நியச் சரக்கு அல்ல. 711இல் தாரிக் என்ற தளபதியின் முஸ்லிம் படை வட ஆப்பிரிக்காவிலிருந்து ஜிப்ரால்டரைக் கடந்தது. 1492இல் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனடா விழுந்தது. இடையில் கிட்டத்தட்ட 800 ஆண்டுகள். அதற்கு முன்னும் அந்தக் குறுகிய கடலில் ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2008இல் ஐபீரிய (ஸ்பெயின், போர்ச்சுகல்) ஆண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒய்யை ஆராய்ந்த ஒரு குழு, சராசரியாக 10.6 சதவீதம் வட ஆப்பிரிக்க வழி என்று மதிப்பிட்டது. வேடிக்கை என்னவென்றால், முஸ்லிம் ஆட்சி கடைசிவரை நீடித்த தெற்கைவிட, ஸ்பெயினின் வடபகுதியில் உள்ள வடமேற்கு காஸ்டீலில்தான் அது கூடுதல், 20 சதவீதத்துக்கும் மேல். கிரனடாவின் மொரிஸ்கோ மக்கள் (கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்கள்) 1568இல் கிளர்ச்சி செய்து தோற்றபின் அவர்களை வடக்கு நோக்கிக் கலைத்துவிட்டது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே ஆய்வு செபார்டிக் (ஐபீரிய) யூத வழி 19.8 சதவீதம் என்றும் சொன்னது. அந்த எண்ணை நான் அப்படியே ஏற்க மாட்டேன். மேற்காசியக் கிளைகள், அங்கிருந்து கடல் வணிகம் செய்த பழங்கால பீனிஷியர் காலத்திலும், அதற்கும் முன் விவசாயம் பரவிய காலத்திலும் வந்திருக்கலாம். எல்லாவற்றையும் யூதர் கணக்கில் எழுதினால் எண் ஊதிப்போகும்.

ஆக, 16ஆம் அல்லது 17ஆம் நூற்றாண்டில் செவீயாவில் கப்பலேறிய ஒரு நல்ல காஸ்டீலியக் கிறிஸ்தவனின் உடம்பில் இ-எம்81 இருந்திருப்பது சர்வசாதாரணம். அந்தக் காலத்தில் பதவிக்குப் போக வேண்டுமானால் தன் பரம்பரையில் மூர்களோ (முஸ்லிம்களோ) யூதர்களோ இல்லை என்று 'லிம்பியேசா தெ சாங்க்ரே', அதாவது ரத்தச் சுத்தம், நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இ-எம்81ஐ உடம்பில் சுமந்தவர்கள் எத்தனை பேரோ! உங்கள் மச்சினனின் ஒய் மாமனாரின் 'நாங்கள் ஸ்பானியர்' என்ற நினைப்பைப் பொய்யாக்கவில்லை. 'கலப்பில்லாத' என்ற சொல்லைத்தான் பொய்யாக்குகிறது. அதைக்கூட ஒய்யைவிட அந்த ஏ2தான் அடித்துச் சொல்கிறது.

அந்தியோக்கியா, மரபணு வழி வம்சாவளி பார்க்கும் எங்கள் துறையில் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பழைய நகரமான சாந்தா ஃபே தெ அந்தியோக்கியா 1541இல் உருவானது. புரித்திகா, சரகோசா, ரெமெதியோஸ் என்று தங்கச் சுரங்கங்கள். பழங்குடிகள் நோயிலும் கட்டாய உழைப்பிலும் சரிந்தபோது, கார்த்தஹேனா துறைமுகம் வழியாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். சுற்றிலும் மலை என்பதால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை வெளியுலகத்தோடு தொடர்பு குறைவு. அந்த ஊர்க்காரர்களை 'பாய்சா' என்கிறார்கள்; தங்களைக் கொலம்பியாவிலேயே வெள்ளையான கூட்டமாக நினைத்துக்கொள்வது அவர்களில் பலருக்கு உண்டு. 2000இல் வெளியான ஓர் ஆய்வு அவர்களுடைய ஒய்யில் ஏறத்தாழ 94 சதவீதம் ஐரோப்பியம், 5 சதவீதம் ஆப்பிரிக்கம், 1 சதவீதம் பழங்குடி என்று கண்டது. தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால் நேர்த்தலைகீழ்: ஏறத்தாழ 90 சதவீதம் பழங்குடி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பாக்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கடல் கடந்து வந்தவர்கள், அம்மாக்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் பெண்கள். அந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அந்த 1 சதவீதம்தான் பதில். கொள்ளை நோயில் செத்தார்கள், சுரங்கத்திலும் வயலிலும் செத்தார்கள், பிழைத்தவர்களுக்கும் குடும்பம் நடத்தும் வாய்ப்பு சுருங்கியது. இதைச் சில புத்தகங்கள் 'இரண்டு நாகரிகங்களின் சந்திப்பு' என்று மெழுகிவிடுகின்றன. எனக்கு அந்த மொழி பிடிப்பதில்லை. சமமானவர்கள் சந்தித்திருந்தால் எண்கள் இப்படி வராது. இது அந்தியோக்கியாவில் மட்டும் நடந்ததும் இல்லை. ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்பே, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையோரம் உள்ள கனாரித் தீவுகளைப் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கும் பூர்வகுடிகளின் தாய்வழி ஓரளவு தப்பியது, தந்தைவழி பெருமளவு அழிந்தது. பிரேசிலில் தங்களை வெள்ளையர் என்று சொல்லிக்கொள்பவர்களின் ஒய் கிட்டத்தட்ட முழுக்க ஐரோப்பியம், ஆனால் தாய்வழியில் பாதிக்கு மேல் பழங்குடியும் ஆப்பிரிக்காவும்.

அப்படியானால் உங்கள் மச்சினனின் மொத்தக் கணக்கில் பழங்குடிப் பங்கு ஏன் வெறும் 17? உங்கள் கடிதத்தில் நேராகக் கேட்கவில்லை என்றாலும் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். முதல் தலைமுறையில் ஒரு ஸ்பானியனுக்கும் பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்த மகளிடம் பழங்குடிப் பங்கு பாதி. அவள் புதிதாக வந்திறங்கிய இன்னொரு ஸ்பானியனைக் கட்டினால் அவள் மகளிடம் கால். அடுத்தவளிடம் எட்டில் ஒன்று. ஆனால் மைட்டோகாண்ட்ரியா கலப்பதில்லை. எத்தனை தலைமுறை போனாலும் அது முதல் பாட்டியுடையதே. 2006இல் வந்த இன்னோர் ஆய்வு இதைத்தான் காட்டியது: அந்தியோக்கியர்களின் பொதுக் குரோமோசோம்களில் (ஆண் பெண் இருவருக்கும் ஒரேபோல் உள்ளவை) ஐரோப்பியப் பங்கு கிட்டத்தட்ட 80 சதவீதம். முதலில் ஒரு பெரிய கலப்பு, அப்புறம் நூற்றாண்டுக்கணக்கில் ஆண்கள் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தது. மச்சினனின் 76, 17, 7 அந்த ஊருக்கு அச்சு அசலான கணக்கு. மாமியார் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் ஏ2 வந்ததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

94 சதவீதம் ஐரோப்பியம் என்றால் எல்லோருக்கும் ஒரே ஒய் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஐபீரியாவே பல வழிகள் கலந்த இடம் என்பதால் ஆர்1பி முன்னால் நின்றாலும் அதன் பின்னால் இ, ஜே, ஜி, ஐ என்று வரிசை உண்டு. எஸ்டிஆர் என்கிற வேகமாக மாறும் குறிகளை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கிளைக்குள்ளும் இன்னும் பல வகைகள் பிரியும். இன்னொரு பக்கம், மூலபுருஷர்கள் சிலரே என்பதும் தெரியும். ரெஸ்த்ரெப்போ என்ற பெயரை மெடெயினில் தெருவுக்குத் தெரு கேட்டிருப்பீர்கள். அது 17ஆம் நூற்றாண்டில் வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸிலிருந்து வந்த குடும்பத்தின் பெயர். பத்துப் பிள்ளை, பன்னிரண்டு பிள்ளை என்று பெருகிய நாட்டில் ஒரே ஓர் ஆளின் ஒய் ஆயிரக்கணக்கானோரிடம் போய்ச்சேர மூன்று நூற்றாண்டு போதும்.

சரி, அந்த விட்டுப்போன இடம். மாமனாரின் கொள்ளுத்தாத்தாவிலிருந்து மச்சினன்வரை 4 பிறப்புகள், அந்தப் பங்காளிவரை 3. ஆக மொத்தம் 7 பிறப்புகளில் ஏதோ ஒன்றில் ஆண்வழி மாறியிருக்கிறது. மாமனாரின் சொந்தப் பிறப்பு அந்த ஏழில் ஒன்று, அவ்வளவுதான். அவர் ஏன் தன் அம்மாவிடமே நேராகப் போய் நின்றார் என்று கேளுங்கள். அதே கணக்குப்படி உங்கள் மாமியாரையும் அல்லவா சந்தேகப்பட வேண்டும்? (இதை அவரிடம் சொல்லாதீர்கள்.)

இன்னொன்று. மாறியது தன் கிளைதான், பங்காளியின் ஆர்1பிதான் 'அசல்' என்று அவர் முடிவே கட்டிவிட்டார் போலிருக்கிறது. ஸ்பெயினில் ஆர்1பி பாதிக்கு மேல் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அசல் ஒய் எவ்வளவு எளிதாக ஆர்1பியாக இருக்கலாமோ, வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒய்யும் அவ்வளவு எளிதாக ஆர்1பியாக இருக்கலாம். கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். கையில் இருக்கும் இரண்டு முடிவுகளை வைத்து எது அசல் என்று எவராலும் சொல்ல முடியாது.

அப்புறம், ஆண்வழி விட்டுப்போவது என்றாலே கள்ள உறவு என்று நினைப்பது நம் ஊர் நினைப்பும்கூட. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பழைய வம்சாவளிகளையும் ஒய்யையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், கணவன் அல்லாதவருக்குப் பிள்ளை பிறந்தது தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம்தான். 7 பிறப்புக்கு அப்படிக் கணக்கிட்டால் 7 சதவீதம் வரும். 19ஆம் நூற்றாண்டு அந்தியோக்கியாவில் குடும்பப் பெயரும் ஒய்யும் பிரிய அதைவிடச் சாதாரணமான வழிகள் நிறைய இருந்தன. கல்யாணம் ஆகாத தாயின் பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயர் வரும். காடு வெட்டிக் குடியேறத் தெற்கே போனவர்கள், 1849இல் மானிசாலெஸை நிறுவியது போலப் புது ஊர்களை உண்டாக்கியவர்கள், பிள்ளைகளைச் சொந்தக்காரர்களிடம் விட்டுப்போனதும் உண்டு, திரும்பாததும் உண்டு. 1899 முதல் 1902 வரை நடந்த 'ஆயிரம் நாள் போர்' என்ற உள்நாட்டுப் போரில் அனாதையான குழந்தைகளை வளர்த்தவர்கள் தங்கள் பெயரையே கொடுத்தார்கள். இதில் யாருடைய ஒழுக்கமும் சம்பந்தப்படவில்லை.

தெரிந்தே ஆக வேண்டும் என்றால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. இருவரும் ஒரே நிறுவனத்தில் சோதித்திருப்பதால், உறவினர் பட்டியலில் ஒருவருக்கொருவர் எவ்வளவு டிஎன்ஏ பகிர்கிறார்கள் என்று பார்க்கலாம். சொன்ன உறவு உண்மையானால் மச்சினனுக்கும் அவருக்கும் சராசரி 1.5 சதவீதம், அதாவது 100 சென்டிமார்கனை (பகிரும் டிஎன்ஏவை அளக்கும் அலகு) ஒட்டி வர வேண்டும். அப்படி வந்தால் ரத்த உறவு உண்டு, ஆனால் நடுவில் ஒரு பெண் வழியாக வந்திருக்கிறது என்று பொருள்: அந்தக் கொள்ளுத்தாத்தாவின் மகளோ பேத்தியோ தன் பெயரைத் தன் மகனுக்குக் கொடுத்திருப்பாள். ஏறத்தாழ பாதியாகக் குறைந்தால், கொள்ளுப்பாட்டி ஒருத்தி, கொள்ளுத்தாத்தா வேறு என்று ஒரு சாத்தியம். மிகச் சொற்பமாக வந்தால் அதை உறவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்ட மலைநாட்டில், இரண்டு அந்நியர்களுக்குள்கூட 20, 30 சென்டிமார்கன் பொதுவாக இருக்கக்கூடும். இதே காரணத்தால் மேலே சொன்ன எண்களும் கொஞ்சம் கூடித்தான் தெரியும்.

அடுத்தது கோவில் பதிவேடுகள். கொலம்பியாவின் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவுகள் பெருமளவு ஃபாமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மனைவி ஸ்பானிஷ் கையெழுத்தைப் படித்துச் சொல்வார். குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் 'இஹோ லெஹீத்திமோ' என்றிருந்தால் முறைப்படி கல்யாணமான பெற்றோரின் பிள்ளை. 'இஹோ நத்துரால்' என்றிருந்தால் கல்யாணம் ஆகாத பெற்றோரின் பிள்ளை. அப்போது பெரும்பாலும் தாயின் பெயர் மட்டும் இருக்கும். 'எக்ஸ்போசித்தோ' என்றால் வாசலில் விட்டுப்போன குழந்தை. சொந்தத்தில் கல்யாணம் செய்ய ஆயரிடம் விலக்குக் கேட்ட மனுக்களும் உண்டு. உறவுமுறையைக் காட்ட நாலைந்து தலைமுறையைக் கிளை கிளையாக எழுதியிருப்பார்கள், படிக்கவே சுவாரசியம். ஏழு பிறப்புகளையும் இதில் தேடிப் பார்த்துவிடலாம். பாதிப் புதிர்கள் இங்கேயே அவிழ்ந்துவிடுகின்றன, எச்சில் குப்பி தேவைப்படுவதில்லை.

அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால்தான், அதே கொள்ளுத்தாத்தாவின் மூன்றாவது கிளையில் வந்த ஓர் ஆணைக் கண்டுபிடித்து, அவர் மனதார ஒப்புக்கொண்டால், ஒய் எஸ்டிஆர் சோதனை செய்யலாம். குறைந்தது 37 குறிகள் பாருங்கள். வெறும் ஆர்1பி என்று பொருந்துவது எதற்கும் உதவாது. அந்த ஊரில் தெருவில் போகிறவருக்கும் அது பொருந்தும். மாமனாரின் டம்ளரிலிருந்தோ சீப்பிலிருந்தோ மாதிரி எடுத்து அவருக்குத் தெரியாமல் அனுப்பலாமா என்ற யோசனை வந்திருந்தால், அதை விட்டுவிடுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால் இந்த மூன்றாம் கட்டத்துக்கே போக வேண்டாம். 70 வயதை நெருங்கும் ஒருவருக்கு அதில் கிடைக்கப்போவது எதுவும் இல்லை, அந்த மூன்றாவது வீட்டுக்கும் ஒரு சங்கடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததாக முடியலாம்.

அவரிடம் ஒரு கணக்கை மட்டும் சொல்லிப் பாருங்கள். சாந்தா ஃபே தெ அந்தியோக்கியா உருவான காலத்துக்குப் பின்னால் போனால் அவருக்குச் சுமார் 15 தலைமுறை. அந்த வரிசையில் மூதாதையர் இடங்கள் 32,768. ஒரே ஆள் பல இடங்களில் வந்திருப்பார் என்பது வேறு விஷயம். ஒய் பேசுவது அதில் ஓர் ஆளைப் பற்றி. நவார்ராக்காரர் அந்த வரிசையில் தாராளமாக இருக்கலாம். அவர் ஒய்யின் பாதையில் இல்லை என்பதால் இல்லாமல் போய்விடவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு வருவோம். மகனின் ஒய் உங்களுடையது. மச்சினனின் இ-எம்81க்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டு ஆண்களிடம் எச், எல், ஆர்1ஏ, ஆர்2, ஜே2 என்று பல கிளைகள் பரவலாக இருக்கின்றன. உங்களுடையது எது என்பது சோதித்தால்தான் தெரியும், அதை வைத்து ஜாதியையோ குலத்தையோ படித்துவிட முடியாது. மகளுக்கு ஒய் கிடையாது. மைட்டோகாண்ட்ரியா இருவருக்கும் மனைவியுடைய ஏ2. மகனோடு அது நின்றுவிடும், மகள் வழியாகத்தான் மேலே போகும். ஆக உங்கள் வீட்டிலும் அப்பா கடல் கடந்து வந்தவர், அம்மா அந்த மண்ணின் வழி! இந்தமுறை யாரும் யாரையும் சுரங்கத்துக்கு அனுப்பவில்லை என்பது நல்ல விஷயம். வருங்காலத்தில் யாராவது மெடெயினின் ஒய் வகைகளைக் கணக்கெடுத்தால் உங்களுடையது தனி வரியாகப் போகும்.

மகனுக்கு இப்போது சோதனை செய்ய வேண்டாம். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, விஷயம் அவனுடையது, 18 வயதில் அவன் முடிவு செய்யட்டும். மச்சினனிடமும் ஒன்று சொல்லுங்கள். 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025இல் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. எந்த நிறுவனமாக இருந்தாலும் மூலத் தரவைத் தரவிறக்கித் தன் கணினியில் வைத்துக்கொள்ளட்டும். உறவினர் பட்டியலைப் பார்த்து அந்தச் சென்டிமார்கன் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு, தேவையில்லை என்றால் கணக்கையும் மாதிரியையும் அழிக்கச் சொல்லி எழுதிவிடலாம்.